ஏரும் ஏடும்

நாடகம் முடிந்துவிட்டது. திரை விழுந்துவிட்டது. கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் கலைந்து, கொட்டகையின் மூங்கில்களை அவிழ்க்கும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நள்ளிரவு நேரம். முகத்திலே பூசிய அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். காவிரிக் கழனிகள் சூழ்ந்த சிற்றூர் அது. ஊரின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்குத் தொல்லை வரும். ஏன் வரும் என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே அறிவீர்கள்.

மேடையின் பின்புறம் முதியவர் ஒருவர் வந்து நின்றார். தோளிலே துண்டு, சேற்றுப்புண் ஆறாத கால்கள், நெற்றியிலே, வெயில் உழுத சால்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கள் ஐயா."

"கடைசிக் காட்சியிலே அந்தக் கடன் பத்திரத்தைச் சுக்குநூறாக் கிழிச்சுப் போட்டீங்களே, மனசு குளுந்துபோச்சு. ஆனா ஒரு சந்தேகம். எங்கிட்டப் பத்திரமே கிடையாதே. எனக்கு எதைத் தம்பி கிழிப்பீங்க?"

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மேடையிலே மூன்று மணி நேரம் முழங்கிய நாவுக்கு, அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு சொல் கிட்டவில்லை.

என் நாடகத்தின் இறுதிக் காட்சியை உங்களிலே பலர் பார்த்திருக்கிறீர்கள். கொடுமைக்காரப் பண்ணையார் பெட்டியிலே பூட்டிவைத்த கடன் பத்திரத்தைக் கதாநாயகன் பறிக்கிறான். கிழிக்கிறான். காற்றிலே பறக்கவிடுகிறான். கொட்டகை அதிர்கிறது. அந்த அதிர்ச்சிக்காகவே எழுதப்பட்ட காட்சி அது என்பதை இன்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். அதிர்ந்த கொட்டகையிலே அமர்ந்திருந்த ஓர் உழவருக்கு, அந்தக் காட்சியில் இடமே இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியவில்லை.

அவரை அமரவைத்துக் கேட்டேன். அவர் உழுவது பத்து மா நிலம்; ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர். அவருடைய தந்தை உழுத நிலம். தந்தைக்குப் பின் அவர் உழும் நிலம். நிலத்துக்குரியவர் நகரத்திலே வாழ்கிறார். குத்தகைக்கு ஒப்பந்தம் உண்டா? வாய்ச்சொல். அளந்த நெல்லுக்கு இரசீது உண்டா? இல்லை. சாட்சி? வரப்பும் வாய்க்காலும்! நீதிமன்றத்திலே வரப்பு வாய் திறக்குமா?

அந்த நிலத்தின் பேரில் கூட்டுறவுச் சங்கத்திலே பயிர்க்கடன் வாங்கப்பட்டிருந்தது. வாங்கியவர் நிலக்காரர். 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தள்ளுபடியிலே அந்தக் கடன் தீர்ந்தது. நம் பெரியவரும் கடன் வாங்கியிருந்தார், நெல் மண்டியிலே, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு. அது தீரவில்லை. அவரிடம் பத்திரமில்லை, ஆனால் மண்டிக்காரரின் நினைவிலே ஒரு ரூபாய் கூடக் குறையாமல் கடன் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடவு முதல் அறுவடை வரை ஆறு மாதத்துக்கு 50,000 ரூபாய் கடன் என்று கொள்வோம். மண்டியிலே வட்டி 9,000 ரூபாய். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியுள்ள வங்கிக் கடனாயின் 1,750 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்திலே வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டிலே வட்டியே இல்லை. அந்த 9,000 ரூபாய் அவர் வீட்டுக் கூரை. அவர் பேத்தியின் பள்ளிக்கூடம். அவர் மனைவியின் மருந்து.

ஏர் ஒருவர் கையில்; ஏடு இன்னொருவர் கையில். ஏடு பிடித்தவர் கடனை நாடு சுமக்கிறது. ஏர் பிடித்தவர் கடனை அவரே சுமக்கிறார்.

இதைத்தான் தோழர்களே, இந்த ஞாயிறு உங்களோடு பேச விரும்புகிறேன்.

* * *

அரசு உழவருக்குக் கடன் தரவில்லை என்பதன்று என் குற்றச்சாட்டு. தருகிறது. கோடி கோடியாகத் தருகிறது. தள்ளுபடியும் செய்கிறது. 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே தள்ளுபடியான கூட்டுறவுக் கடன் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய். 2008ஆம் ஆண்டு நடுவண் அரசு நாடு முழுமைக்கும் அறிவித்தது 60,000 கோடி. 2016ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சிறு, குறு உழவர்க்கு 5,780 கோடி. 2021ஆம் ஆண்டு 16.43 இலட்சம் உழவர்க்கு 12,110 கோடி. யார் ஆண்டபோது எது வந்தது என்ற பட்டியலை மேடைதோறும் நாம் படித்திருக்கிறோம், எதிர்முகாமினரும் படித்திருக்கிறார்கள். நான் இன்று கேட்பது வேறு கேள்வி. அந்தக் கோடிகள் எந்த வாசலுக்குப் போயின?

பட்டா உள்ள வாசலுக்குப் போயின. அங்கேயும் தடுமாற்றம் இல்லாமலில்லை. 2008ஆம் ஆண்டுத் தள்ளுபடியைத் தணிக்கைத் துறைத் தலைவர் ஆராய்ந்தார். தகுதியற்றவர் சிலர் பயன் பெற்றதையும், தகுதியுள்ளவர் சிலர் விடுபட்டதையும் 2013இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவருடைய அறிக்கை எடுத்துக் காட்டியது. ஆனால், தோழர்களே, வங்கியின் ஏட்டிலே பெயருள்ளவர்களிடையே நிகழ்ந்த பிழை அது. ஏட்டிலேயே இல்லாதவரைத் தணிக்கையும் தேட முடியாது. வாங்காத கடனை எந்த அரசு தள்ளுபடி செய்யும்?

2013ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் உழவர் இல்லங்களின் நிலையை நாடு முழுவதும் ஆராய்ந்தது. 10 எக்டேருக்கு மேல் நிலமுள்ள இல்லங்களின் கடனிலே நூற்றுக்கு 79 பங்கு வங்கி, கூட்டுறவு, அரசு ஆகியவற்றிலிருந்து வந்தது. நிலமே இல்லை என்று சொல்லத்தக்க, 0.01 எக்டேருக்கும் குறைந்த நிலமுள்ள இல்லங்களின் கடனிலே அது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்குதான். பசித்தவனுக்குப் பருக்கை; புசித்தவனுக்குப் பந்தி!

கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டு வந்தவன் நான். பொருளியல் பட்டம் எனக்கில்லை. ஆனால் 79க்கும் 15க்கும் உள்ள தொலைவை அளக்கப் பட்டம் வேண்டியதில்லை.

* * *

'பயிர்க்கடன்' என்ற சொல்லைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். நிலக்கடன் என்று பெயரிடவில்லை, பட்டாக்கடன் என்று பெயரிடவில்லை, பயிர்க்கடன் என்றனர். அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

1892ஆம் ஆண்டு சென்னை அரசு, பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. உழவனை வட்டிக்கடையிலிருந்து மீட்க ஐரோப்பிய நாடுகள் என்ன செய்தன என்று கண்டுவரச் சொன்னது. அவர் கண்டுவந்த பெயர் ரைபைசன். ஜெர்மனியிலே சிற்றூர்த் தலைவராக இருந்த ரைபைசன், 1864ஆம் ஆண்டு ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரிலே கடன் சங்கம் கண்டவர். அவர் நெறியின் உயிர் எது? ஊரார் ஒருவருக்கொருவர் பிணை. நிலம் எவ்வளவு என்பதினும், ஆள் எப்படிப்பட்டவன் என்று அண்டை வீட்டான் அறிந்து சொல்வதே அங்கே பெரிய ஈடு.

அந்த எண்ணத்தின் விளைவாக 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டிலே, இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரிலே, தமிழ்நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. நம் மண்ணிலே கூட்டுறவின் முதற் கொழுந்து துளிர்த்தது நகரத்து மாளிகையில் அன்று, ஒரு சிற்றூரிலே!

துளிர்த்த கொழுந்து தழைத்ததா? அரை நூற்றாண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். 1951ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி அமைத்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழு, கோர்வாலா என்பாரின் தலைமையிலே ஆராய்ந்து 1954இல் அறிக்கை தந்தது. உழவர் வாங்கிய 100 ரூபாய்க் கடனிலே கூட்டுறவு தந்தது 3 ரூபாயும் சில காசுகளும்! அரசு தந்ததும் அதே அளவு. வட்டித் தொழில் செய்வோரும், வட்டிக்கு விடும் நிலக்காரரும் தந்தது ஏறத்தாழ 70 ரூபாய். கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆயினும் அதை வெற்றி பெறச் செய்தே ஆக வேண்டும் என்ற கருத்தை அக்குழு உரைத்தது. அது காட்டிய வழிகளுள் ஒன்றுதான் பயிர்க்கடன் முறை. நிலத்தை அடமானமாகக் கேளாதே. விளையப்போகும் பயிரைப் பார்த்துக் கடன் கொடு. விளைந்ததும் திரும்பப் பெறு! இதுவே அதன் பொருள்.

அதன் பின்னர் எத்தனை மாற்றங்கள்! 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975இல் வட்டார ஊரக வங்கிகள் வந்தன. 1982இல் நபார்டு வந்தது. 1998இல் கிசான் கடன் அட்டை வந்தது. வங்கிகள் தரும் கடனிலே 18 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்ல வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜனவரி 1 முதல், 2 இலட்சம் ரூபாய் வரையுள்ள வேளாண் கடனுக்கு ஈடே கேட்கக் கூடாது என்ற ஆணையும் வந்தது. 3 ரூபாய்ச் சொச்சத்தில் தொடங்கிய பயணம் நெடுந்தொலைவு வந்திருக்கிறது. இதை மறைப்பது நேர்மையன்று, மறைக்கவும் மாட்டேன்.

ஆனால் இவ்வளவு தொலைவு வந்த வண்டி, ஒரு வாசலில் மட்டும் நிற்பதே இல்லை. குத்தகை உழவன் வாசல் அது!

* * *

விதியிலே இடமில்லையா? இருக்கிறது! அதுதான் வேடிக்கை, அதுதான் வேதனை. கிசான் கடன் அட்டை பெறத் தக்கவர் பட்டியலிலே குத்தகை உழவர் உண்டு. வார உழவர் உண்டு. எழுத்தில்லாத வாய்மொழிக் குத்தகையாளரும் உண்டு. 4 முதல் 10 பேர் வரை ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் பெறும் கூட்டுப் பொறுப்புக் குழு முறையும் உண்டு. ரைபைசன் கண்ட நெறியே புதுப் பெயரிலே!

விதிப்புத்தகம் கதவைத் திறக்கிறது. வாசலிலே என்ன நடக்கிறது? நாடகக்காரன் அல்லவா நான்? காட்சியாகவே தருகிறேன்.

மேலாளர்: சிட்டா இருக்கிறதா?

உழவர்: நிலக்காரர் பேரிலே இருக்குங்க.

மேலாளர்: நீங்கள்தான் பயிர் செய்கிறீர்கள் என்பதற்கு அடங்கல்?

உழவர்: கிராம அலுவலரைக் கேட்டேனுங்க. நிலக்காரர் சொன்னா எழுதித் தரேங்கறார்.

மேலாளர்: அப்படியானால் நிலக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வாருங்கள்.

உழவர்: கையெழுத்துக் கேட்டா, அடுத்த போகத்துக்கு நிலம் வேற ஆளுக்குங்க.

மேலாளர்: பிறகு நான் என்னதான் செய்வது?

உழவர்: அதைக் கேக்கத்தாங்க நானும் வந்தேன்.

இந்தக் காட்சியிலே வில்லன் யார்? மேலாளரா? அதே சர்வே எண்ணுக்கு நிலக்காரர் ஏற்கெனவே கடன் வாங்கியிருக்கிறார். ஒரே பயிருக்கு இரண்டு கடன் கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து. கிராம அலுவலரா? நாளைக்கு வழக்கு வந்தால் கூண்டில் நிற்க வேண்டியவர் அவர். நிலக்காரரா? எல்லா நிலக்காரரும் என் நாடகத்துப் பண்ணையார் அல்லர். கணவனை இழந்து, ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு உலை வைக்கும் அம்மையாரும் நிலக்காரர்தான். ஓய்வு பெற்ற ஆசிரியரும் நிலக்காரர்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்திட்டால் நிலமே கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் அவர்களைப் பிடித்து ஆட்டுகிறது.

அந்த அச்சத்தின் வேர் எங்கே? 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்திலே. குத்தகையை ஒழுங்காகச் செலுத்தும் உழவனை நிலத்தைவிட்டு வெளியேற்றாதே என்று ஆணையிட்ட அரிய சட்டம் அது. உழுதவன் தலைநிமிர உதவிய சட்டம். 1969ஆம் ஆண்டு அதற்குத் துணையாக, யார் எந்த நிலத்தின் குத்தகையாளர் என்று எழுதிவைக்கும் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தது. பதிவேட்டிலே பெயர் ஏறியவர் காப்புப் பெற்றனர். ஆனால், ஏடு ஏறினால் உரிமை ஏறிவிடும் என்று கண்ட நிலக்காரர், பிறகு ஏட்டையே அஞ்சத் தொடங்கினர். எழுத்து மறைந்தது, வாய்ச்சொல் வந்தது. காக்க வந்த வேலியைக் கண்டு, நிலக்காரர் வாசலையே அடைத்துவிட்டார். வேலியின் குற்றமா? அன்று. வேலி போட்ட நாம், அதன் பின்னர் யார் உள்ளே, யார் வெளியே என்று எண்ணிப் பாராமல் இருந்துவிட்டோமே, அந்தக் குற்றம்!

ஏட்டிலே இல்லாதவனுக்குக் கடன் மட்டுமா இல்லை? நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் சிட்டா, அடங்கல். வெள்ளத்திலே பயிர் அழிந்தால் நிவாரணத்துக்கும் அதே ஏடு. 2019 முதல் மூன்று தவணையாக வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவியும் நிலமுடைய உழவர் குடும்பத்துக்கே. விதைத்தவன் அவன், நீர் பாய்ச்சியவன் அவன், பாம்புக்கு நடுவே இரவுக் காவல் இருந்தவன் அவன். பயிர் மூழ்கியபோது அழுதவனும் அவன். இழப்பீடு மட்டும் பட்டாவின் முகவரிக்கு!

பெண்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். பட்டா கணவன் பெயரில். அவன் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டான். களை எடுப்பது, கதிர் அறுப்பது, கடன்காரனுக்குப் பதில் சொல்வது எல்லாம் மனைவி. வங்கியின் கண்ணுக்கு அவளும் உழவரல்லள்!

* * *

வழியே இல்லையா? இருக்கிறது. மற்றவர் நடந்து பார்த்த வழிகள் இருக்கின்றன.

வங்காளத்தைப் பாருங்கள். 1978ஆம் ஆண்டு மேற்கு வங்க அரசு 'பர்கா நடவடிக்கை' என்ற பெயரிலே வார உழவரைப் பதிவு செய்யப் புறப்பட்டது. உழவன் அலுவலகத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதிகாரிகள் ஊருக்குப் போனார்கள். வேலை முடிந்து உழவர் வீடு திரும்பும் மாலை நேரத்திலே முகாம் நடத்தினார்கள். தனியே நின்றால் அஞ்சும் உழவன், பத்துப் பேரோடு நின்றபோது வாய் திறந்தான். ஏறத்தாழ 14 இலட்சம் பேர் ஏட்டிலே ஏறினர்.

ஆந்திரத்தைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு, நிலத்தின் உரிமையைத் தொடாமல், பயிர் செய்பவருக்குக் கடன் தகுதி அட்டை தரும் சட்டம் வந்தது. நல்ல எண்ணம். ஆனால் அட்டை பெற்ற எல்லாருக்கும் கடன் கிட்டவில்லை, வங்கிகள் தயங்கின. 2019ஆம் ஆண்டு அதற்கு மாற்றாக வந்த சட்டம் நிலக்காரரின் இசைவையும் கையொப்பத்தையும் கேட்டது. பழைய பூட்டு மீண்டும் தொங்கியது! ஒடிசாவைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டின் இறுதியிலே அறிவிக்கப்பட்ட காலியா திட்டம், குத்தகை உழவரையும் நிலமற்ற இல்லங்களையும் உதவி பெறுவோர் வரிசையிலே சேர்த்தது.

மூன்று இடத்துப் பாடத்தையும் சேர்த்துப் பார்த்தால் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பருவந்தோறும் 'பயிர் செய்வோர் பதிவு'. அலுவலகத்தில் அன்று, வயலில். நிலக்காரர் கையொப்பம் தேவையில்லை. அண்டை வயல் உழவர் இருவர் சாட்சியும், கிராம அலுவலர் நேரிற் கண்ட குறிப்பும் போதும். இந்தப் பதிவு கடனுக்கும் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் நிவாரணத்துக்கும் மட்டுமே. எந்த நீதிமன்றத்திலும் நில உரிமைக்குச் சான்றாகாது என்று சட்டமே சொல்லட்டும். பதிவு செய்துகொண்டான் என்பதற்காக உழவனை வெளியேற்றினால் அது குற்றம் என்றும் அதே சட்டம் சொல்லட்டும். நிலக்காரர் அச்சமும் தீரும்; உழவர் அச்சமும் தீரும்.

இரண்டாவது, ஒரு பயிருக்கு ஒரே பயிர்க்கடன். அது பயிர் செய்பவருக்கே. நிலக்காரருக்குக் கிணறு வெட்ட, வரப்புக் கட்ட, நிலம் திருத்த நீண்ட காலக் கடன் கிடைக்கட்டும். விதைக்கும் உரத்துக்கும் தரும் கடன், விதை தூவும் கைக்கே போகட்டும். இரட்டைக் கடன் என்ற மேலாளரின் கவலை அன்றோடு ஒழியும்.

மூன்றாவது, வங்கிக்கு அரசு பிணை. புயலிலும் வெள்ளத்திலும் குத்தகை உழவரின் கடன் மூழ்கினால், இழப்பிலே ஒரு பங்கை ஏற்கும் நிதி ஒன்று வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2021ஆம் ஆண்டுத் தள்ளுபடியின் பத்திலொரு பங்கு 1,211 கோடி ரூபாய். கடன் பெற்றவரின் சுமையைத் தீர்க்க 12,110 கோடியைத் தேட முடிந்த நாட்டுக்கு, கடனே பெறாதவருக்குக் கதவு திறக்க 1,211 கோடியைத் தேட முடியாதா?

நம்மிலேயே சில தோழர்கள் கேட்பார்கள். "நில உரிமைக்குச் சான்றாகாது என்று நீயே எழுதிக்கொடுப்பதா? உழுபவனுக்கே நிலம் என்று முழங்கிய வாயா இது?" என்பார்கள். அந்தச் சீற்றத்தை நான் மதிக்கிறேன். அதிலே நியாயமும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே நிற்கட்டும். அவற்றிலே ஓர் எழுத்தையும் தளர்த்தச் சொல்லவில்லை. அந்தச் சட்டங்களின் வழியே உரிமை கேட்கத் துணிந்தவர் கேட்கட்டும். நாம் துணை நிற்போம். ஆனால் உரிமைப் போர் முடியும்வரை நாற்று காத்திருக்குமா? பருவம் தவறினால் பயிர் இல்லை. ஆடியிலும் ஆவணியிலும் பணமில்லாமல் மண்டிக்குப் போகிறவரிடம், நிலம் உனக்கு வரும்வரை பொறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தள்ளுபடியே கூடாது என்பவனும் அல்லன் நான். வறட்சியும் வெள்ளமும் வாட்டும்போது கடன் சுமையைக் குறைப்பது அரசின் கடமை. ஆனால் தள்ளுபடி மருந்து. கடன் கிடைப்பது உணவு. மருந்தை மட்டும் பகிர்ந்துவிட்டு, உணவு யாருக்குக் கிட்டவில்லை என்று கேளாமல் இருந்தோமே!

* * *

தோழர்களே! தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டால் நம் வேலை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். அரசிடம் கேட்குமுன் நாம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. செலவு? ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் ஊர் வயல்களை ஒருமுறை நடந்து பாருங்கள். சர்வே எண் எது, பட்டா யார் பெயரில், பயிர் செய்பவர் யார், கடன் எங்கே வாங்கினார், வட்டி என்ன. ஐந்து கட்டம் போதும். எழுதும்போது உழவரின் பெயரை வெளியே சொல்லாதீர்கள்; சொன்னால் அவருக்கு நிலம் போகும். இக்கட்டுரையின் தொடக்கத்திலே ஊர்ப்பெயரை நான் ஏன் மறைத்தேன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நாற்பது ஆண்டு உழைத்த நிலத்தைப் பற்றி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியோடு அவர் ஊரைச் சேர்த்து எழுத முடியாத நிலையிலே நாம் இருக்கிறோம்.

ஒரு கிளை ஓர் ஊரை எழுதினால் அது குறிப்பு. நூறு கிளை நூறு ஊரை எழுதினால் அது கணக்கு. அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தின் மேசைமீது வைத்துவிட்டுக் கேட்போம்: "இத்தனை உழவர் இந்த நாட்டிலே இருக்கிறார்கள், உங்கள் ஏட்டிலே ஏன் இல்லை?" ஆள்வோர் எவராயினும், ஒருக்கால் நாமே ஆள்வோராயினும், விடை சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று. குத்தகை உழவர் ஐந்தாறு பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைக்க இன்றைய விதியே இடம் தருகிறது. வங்கியின் படிவத்தைக் கண்டு மிரளும் அவர்களோடு ஒரு தோழர் உடன் போய் நின்றால், பாதி அச்சம் தீரும். மேடையிலே நாம் பேசிய ஆயிரம் சொற்களை விட, வங்கி வாசலிலே அவரோடு நின்ற அரை நாள் அவருக்குப் பயன்படும்.

அந்த முதியவருக்கு நான் அன்றிரவு விடை சொல்லவில்லை. ஊர் திரும்பி, நாடகத்தின் இறுதிக் காட்சியைத் திருத்தினேன். பத்திரத்தைக் கிழிக்கும் காட்சி இப்போது இல்லை. வயல் வரப்பிலே ஒரு மேசை. மேசைமேல் ஒரு பதிவேடு. அண்டை வயல்காரர் இருவர் முன்னே வந்து, "ஆம், இந்த நிலத்தை உழுபவர் இவர்தான்" என்று சொல்ல, முதியவரின் பெயர் எழுதப்படுகிறது. திரை விழுகிறது.

கைதட்டல் முன்போல் இல்லை, மறைக்க மாட்டேன். ஆனால் சென்ற முறை திரை விழுந்த பின்னும் முன்வரிசையிலே சிலர் எழாமல் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: "தம்பி, அந்த மேசை எங்க ஊருக்கு எப்ப வரும்?"

விடை சொல்ல வேண்டியவன் நான் மட்டுமல்லன். நாம் அனைவரும்!